சிமென்ட் சூளைக்குத்தான் சவ்வு முதலில் போக வேண்டும்

புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடிப்பது என்றாலே எல்லோரும் அனல்மின் நிலையத்தைத்தான் காட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நிலக்கரிக்கு மாற்றாகச் சூரியனும் காற்றும் இருக்கின்றன. சுண்ணாம்புக்கல்லுக்கு என்ன இருக்கிறது? சூளையில் சுடும்போது கல்லுக்குள்ளிருந்தே கரியமில வாயு கிளம்புகிறது. சிமென்ட் ஆலை வெளியிடுவதில் ஏறக்குறைய 60 சதவீதம் இப்படி வருவதுதான். எரிபொருளை மாற்றினாலும் இது நிற்காது. அதனால் புகையிலிருந்து வாயுவை வடிகட்டிப் பிரிக்கும் சவ்வு முதலில் இங்கேதான் வர வேண்டும் என்கிறேன்.

சவ்வுக்கு முந்தியது அமீன் கரைசல் முறை: அமீன் என்ற வேதிப்பொருள் கலந்த கரைசல் வாயுவை உறிஞ்சிப் பிடிக்கும். அது 1930-லேயே காப்புரிமை பெற்றது. நம் தூத்துக்குடியில்கூட ஒரு சோடா உப்பு ஆலை கொதிகலன் புகையிலிருந்து இந்த வகைக் கரைசலால் வாயுவைப் பிடித்துக் காட்டியது. நல்ல முறைதான். ஆனால் பிடித்த வாயுவைக் கரைசலிலிருந்து பிரிக்க ஓயாமல் வெப்பம் வேண்டும். நார்வேயின் பிரெவிக் சிமென்ட் ஆலையில் சவ்வையும் சோதித்துப் பார்த்தார்கள். கடைசியில் அமீனைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். 2025-ல் திறந்த அந்த அமைப்பு ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடிக்கக்கூடியது. ஆலை வெளியிடுவதில் அது பாதிதான். ஆலையின் கழிவு வெப்பம் அவ்வளவுக்குத்தான் போதும்.

சவ்வுக்கு அந்த வெப்பம் வேண்டாம். மெல்லிய பாலிமர் படலம். நைட்ரஜனைவிடக் கரியமில வாயு அதில் வேகமாக ஊடுருவும். ஊடுருவ வைப்பது அழுத்த வேறுபாடு, சிக்கலும் அங்கேதான். இயற்கை எரிவாயு கிணற்றிலிருந்தே அழுத்தத்தோடு வருவதால் அதைச் சுத்திகரிக்க 1980-களிலிருந்தே சவ்வு பயன்படுகிறது. புகைக்கு அந்த அழுத்தம் இல்லை. ஒரு பக்கம் அமுக்க வேண்டும், இல்லையென்றால் மறுபக்கம் உறிஞ்ச வேண்டும். இரண்டுக்கும் மின்சாரம் செலவாகும். ஒரு பக்க அழுத்தம் மறுபக்கத்தைப்போல் 5 மடங்கு என்றால், எப்பேர்ப்பட்ட சவ்வானாலும் ஒரே கட்டத்தில் வாயுவை 5 மடங்குக்கு மேல் செறிவாக்க முடியாது. எரிவாயு மின்நிலையப் புகையில் கரியமில வாயு சுமார் 4 சதவீதம். 5 மடங்காக்கினாலும் 20-தான். நிலக்கரிப் புகையில் 12 முதல் 14. சிமென்ட் சூளைப் புகையிலோ எடுத்த எடுப்பிலேயே 20-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். சவ்வுக்கு இதைவிடத் தோதான புகை எங்கே கிடைக்கும்?

ஆனாலும் அமெரிக்காவில் நாளுக்கு 150 டன் பிடிக்கும் பெரிய சவ்வு அமைப்பை வயோமிங்கின் ட்ரை ஃபோர்க் நிலக்கரி மின்நிலையத்தில்தான் வைத்தார்கள். அந்த அளவுக்கு வளர்ந்ததில் மகிழ்ச்சி. வைத்த இடத்தில்தான் எனக்கு வருத்தம்.

உலகில் அதிகம் சிமென்ட் செய்யும் நாடுகளில் சீனாவுக்கு அடுத்தது நாம். அரியலூரில் ஏதாவது ஒரு சூளையின் புகையில் சிறு பகுதியைத் திருப்பிவிட்டு, தூசியும் ஈரமும் கந்தக வாயுவும் சேர்ந்த அசல் புகையில் ஒரு சவ்வு எத்தனை ஆண்டு தாங்குகிறது, டன்னுக்கு எத்தனை யூனிட் கரண்ட் தின்கிறது என்று அளந்து, அந்தக் கணக்கைப் பொதுவில் வைக்க வேண்டும். அரசு பணம் போடுவதானால் முதலில் இதற்குப் போடட்டும்.