திரும்பி வந்தவர்களைப் பற்றி மேடையில் பேசுவதற்கு முன்

கன்வென்ஷன் கூட்டத்தின் மூன்றாம் நாள் பிரசங்கத்தை நிறையப் பேர் பகிர்ந்திருக்கிறீர்கள். ஆறு பேர் எனக்கே அனுப்பிவைத்தீர்கள். நான் அன்றைக்கு அந்தப் பந்தலில்தான் உட்கார்ந்திருந்தேன். "மிஷனரி பயிற்சிக்குப் போய்விட்டு வீட்டுக்கு ஓடி வந்தவர்கள் கலப்பையில் கைவைத்துப் பின்னிட்டுப் பார்த்தவர்கள்" என்று பிரசங்கியார் சொன்னதும் பந்தல் முழுக்க ஆமென் சொன்னது. கலப்பையில் கைவைத்துப் பின்னிட்டுப் பார்க்கிறவன் தேவனுடைய ராஜ்யத்துக்குத் தகுதியுள்ளவன் அல்ல என்று இயேசு சொன்ன வசனம் அது. எனக்குப் பக்கத்தில் இருந்த அக்கா ஆமென் சொல்லப் போனவர், என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குத் தெரியும். இங்கே பலருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: நான் பயிற்சிக்குப் போய்த் திரும்பி வந்தவள். 2006, ஆறு மாதம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். போகலாமா, கூடாதா என்று தெரிந்துகொள்ளத்தான் பயிற்சி. அங்கே போய் 'எனக்கு இது இல்லை' என்று ஒருவர் கண்டுகொண்டால், அந்தப் பயிற்சி தன் வேலையைச் செய்திருக்கிறது. அவரை ஓடி வந்தவர் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

எங்கள் பக்கத்தில் மிஷனரி என்பது வீட்டில் புழங்கும் சொல். 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா தெலுங்கு படித்து, தெலுங்கு தேசத்துத் தோர்ணக்கல் போய், 1912இல் பேராயரானார். அந்தக் கதையை ஞாயிறு பள்ளியில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். உண்டியல் எடுத்தோம், படம் பார்த்தோம், அழுதோம். எங்கள் வீட்டில் அதற்கு மேலும் ஒன்று இருந்தது. நான் இரண்டு வயதில் மூளைக்காய்ச்சலில் கிடந்தபோது அம்மா பொருத்தனை பண்ணியிருந்தார்: பிள்ளை பிழைத்தால் ஊழியத்துக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று. நான் பிழைத்தேன். நினைவு தெரிந்த நாளிலிருந்து 'இது மிஷனரிப் பிள்ளை' என்றுதான் என்னைச் சொல்வார்கள். என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை.

பயிற்சி மையத்தில்தான் முதன்முதலாகக் கேட்டார்கள்.

அங்கே போகாதவர்கள் ஆறு மாதமும் முழங்காலில் நிற்பார்கள் என்று நினைக்கிறார்கள். நின்றோம்தான். விடியற்காலை நாலரைக்கு மணி அடித்துவிடும். அதற்கு அப்புறம் வேதபாடம், மலேரியா, வயிற்றுப்போக்கு, உப்புச் சர்க்கரைக் கரைசல், விறகடுப்பில் இருபது பேருக்குச் சமையல். எனக்கு மிகவும் பிடித்தது மொழி வகுப்பு. இந்தியில் சாப்பாட்டுக்கும் 'கானா', பாட்டுக்கும் 'கானா'. நம் எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். வாய்க்கு முன்னால் துண்டுத்தாளைப் பிடித்துக்கொண்டு சொல்லச் சொல்வார் ஆசிரியர். சாப்பாட்டைச் சொல்லும்போது மூச்சுப்பட்டுத் தாள் ஆட வேண்டும், பாட்டைச் சொல்லும்போது ஆடக் கூடாது. தூத்துக்குடிக்காரப் பையன் ஒருவனுக்கு மூன்று வாரமாகத் தாள் ஆடவே இல்லை. நாலாவது வாரம் ஆடியபோது வகுப்பே கைதட்டியது. அந்தப் பையன் இன்றுவரை வடக்கே இருக்கிறான். அவனை நினைத்தால் எனக்குக் கண் கலங்கும்.

அப்புறம் களப்பயணம். ராஜ்மகால் மலை, ஜார்க்கண்ட். ஹவுராவிலிருந்து ரயில், பிறகு ஜீப், பிறகு நடை. மால்தோ என்ற பழங்குடி மக்களின் ஊர்கள் மலையின் மேலே இருக்கும், தண்ணீர் கீழே இருக்கும். அவர்கள் பேசுவது திராவிட மொழி. கால்டுவெல் ஐயர் அதைத் தம் ஒப்பிலக்கணத்தில் நம் மொழிக் குடும்பத்தில் சேர்த்துவிட்டார். கண்ணுக்கும் பல்லுக்கும் அவர்கள் சொல்லும் சொல்லைக் கேட்டபோது, சொந்தக்காரர் வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தது. ஆனால் அது மலேரியாவும் காலா அசார் என்கிற கருங்காய்ச்சலும் ஆளைத் தின்கிற மலை. இரண்டாம் நாள் இரவு ஒரு தாய் காய்ச்சலில் கொதிக்கிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். எங்களோடு இருந்த மிஷனரி அக்கா எழுந்து, விளக்கை ஏற்றி, பிள்ளையை மடியில் வாங்கி, அந்தத் தாயோடு அவர் மொழியிலேயே பேசிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார். நான் சுவரோரம் நின்றேன். எனக்கு ஊருக்குப் போக வேண்டும், அது ஒன்றுதான் மனதில் ஓடியது. பிள்ளை பிழைத்துக்கொண்டது. என்னால் அந்த இரவை மறக்க முடியவில்லை.

திரும்பி வந்ததும் மையப் பொறுப்பாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொருத்தனையையும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இது உன் அழைப்பா, உன் அம்மாவின் பொருத்தனையாம்மா?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்குப் பத்து நாள் ஆயிற்று. ஆறு மாதத்தை முடித்தேன். அவர் தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பினார். தேவன் என்னைத் தள்ளிவிட்டதாக அவர் நினைக்கவில்லை. ஊரில்தான் நினைத்தார்கள். அம்மா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.

'பிரசங்கியார் பொதுவாகத்தானே சொன்னார், உன்னையா சொன்னார்' என்று கேட்பீர்கள். இரண்டாயிரம் பேர் நடுவில் பொதுவாக எறிந்த கல் யார் மேலும் படாமல் போய்விடாது.

'இயேசு அழைத்த உடனே சீஷர்கள் வலையை விட்டுவிட்டுப் போனார்களே' என்பீர்கள். போனார்கள். போய் மூன்றரை வருஷம் கூடவே இருந்து கற்றார்கள்.

'கலப்பை வசனத்தைச் சொன்னது ஆண்டவர் அல்லவா?' உண்மைதான், அந்த வசனம் எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. அதே வேதத்தில் மாற்கும் இருக்கிறான். பவுலோடு ஊழியப் பயணம் போய், பெர்கே ஊரிலேயே அவரை விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பினவன். அவனைக் கூட்டிக்கொண்டு போக மாட்டேன் என்று பவுல் பர்னபாவோடு சண்டையே போட்டார். கடைசிக் காலத்தில் அதே பவுல், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று எழுதுகிறார். மேடையில் இதைச் சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகாது.

இவ்வளவு ஏன், அயர்லாந்திலிருந்து மிஷனரியாக வந்த நம் டோனாவூர் அம்மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏமி கார்மைக்கேல் முதலில் சீனாவுக்குப் போகத்தான் லண்டனில் பயிற்சி வீட்டில் தங்கினார். உடம்பு தாங்காது என்று நிறுத்திவிட்டார்கள். 1893இல் ஜப்பான் போனார், ஒன்றரை வருஷத்துக்குள் நோயோடு திரும்பினார். அப்போது அவர் ஊர்ச் சபையில் யாராவது கலப்பை வசனத்தை எடுத்து அவர் முகத்தில் அடித்திருந்தால்? 1895இல் இந்தியாவுக்கு வந்தவர், 1951இல் இறக்கும்வரை நம் மண்ணை விட்டுப் போகவில்லை. அவர் கல்லறையைப் பார்க்க பஸ் பிடித்துப் போகிறோம். திரும்பி வந்த பெண் என்பதை மட்டும் சொல்ல மாட்டோம்.

'உன் குற்ற உணர்ச்சிக்கு நியாயம் தேடுகிறாய்' என்று ஒருவர் போன வருஷமே கமெண்டில் எழுதினார். இருக்கலாம். பதினைந்து வருஷமாக மாதாமாதம் அந்த மலைக்குக் காணிக்கை அனுப்பும்போது என் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்கே முழுசாகத் தெரியவில்லை. ஆனால் மனசில்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இங்கிலாந்திலிருந்து வங்காளத்துக்கு மிஷனரியாக வந்த வில்லியம் கேரியைக் கொண்டாடுகிறோம். வர மாட்டேன் என்ற அவர் மனைவி டாரத்தி அம்மாளை வற்புறுத்தித்தான் 1793இல் கப்பலேற்றினார்கள். மறு வருஷமே மகன் பீட்டர் இறந்தான். அந்த அம்மாள் மனம் பேதலித்துப் போய், 1807இல் செராம்பூரில் கண்மூடினார். அவருக்கு ஆறு மாதம் யார் கொடுத்தார்கள்? இது உன் அழைப்பா என்று யார் கேட்டார்கள்?

எனக்குக் கோபம் வருவதே இங்கேதான். 'ஊழியத்துக்கு யார் வருகிறீர்கள்' என்று மேடையில் அர்ப்பணிப்பு அழைப்பு கொடுக்கும்போது முன்னால் போய் நிற்பது பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள். பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் வீட்டிலிருந்து எத்தனை பேர் போனார்கள்? தங்கள் பிள்ளையைக் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சேர்த்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளை ஜார்க்கண்டிலிருந்து திரும்பினால் கேள்வி கேட்கிறார்கள். பணித்தளத்தில் இருக்கிறவர்களின் குழந்தைகள் ஹாஸ்டலில் வருஷக்கணக்காகத் தாய் தகப்பனைப் பிரிந்து கிடக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒன்றை ஒரு லீவுக்காவது நம் வீட்டுக்கு அழைத்திருக்கிறோமா? நானும் அழைத்ததில்லை. எழுதும்போதுதான் உறைக்கிறது.

எங்கள் சபையிலிருந்து ஜூனில் ஒரு பெண் பயிற்சிக்குப் போகிறாள். இருபத்திரண்டு வயது. அந்தப் பிரசங்கம் முடிந்த இரண்டாம் நாள் ராத்திரி பத்து மணிக்கு அவள் அம்மா போன் பண்ணினார். "அக்கா, பிள்ளை ரெண்டு நாளா சாப்பிடல. அங்க போய் முடியலன்னா என்ன செய்யுறதுன்னு கேக்குறா. நான் என்ன சொல்லட்டும்?"

முடியவில்லை என்றால் வரச் சொல்லுங்கள் என்றேன். உங்கள் வீட்டுக்கு வரக் கூச்சமாக இருந்தால், எத்தனை மணி ரயிலாக இருந்தாலும் நேராக என் வீட்டுக்கு வரட்டும், நான் ஸ்டேஷனில் வந்து நிற்கிறேன் என்றேன். அவர் அழுதார். நானும்தான்.