எஸ்குடோ தீவின் ஸ்லாத்தை யார் காப்பது?

பனாமாவின் கரீபியக் கரையிலிருந்து சுமார் 17 கிலோமீட்டர் தள்ளி எஸ்குடோ தெ வெராகுவாஸ் என்றொரு தீவு இருக்கிறது. அதன் பரப்பு நான்கு சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். மரக்கிளையில் தொங்கியபடி மிக மெதுவாக நகரும் விலங்கான ஸ்லாத்தில் ஓர் இனம், குள்ள மூவிரல் ஸ்லாத், உலகிலேயே இந்தத் தீவில் மட்டும்தான் வாழ்கிறது. ஏறத்தாழ 9000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் உயர்ந்து தீவு தனித்துப் போனபோது அங்கே சிக்கிக்கொண்டவற்றின் சந்ததி, தலைமுறைகள் தோறும் உடல் சிறுத்து, இன்று மூன்று கிலோ எடையளவில் நிற்கிறது. 2001-ல்தான் இது தனி இனமென்று அறிவியலாளர்கள் விவரித்தார்கள். இன்று அது மிகக் கடுமையான அழிவு அபாயத்தில் உள்ள விலங்குகளின் பட்டியலில் இருக்கிறது.

இதைக் காக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. எங்கே வைத்து, யாரைக் கேட்டு என்பதில்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

2013 செப்டம்பரில் அமெரிக்காவின் டல்லஸ் நகரக் காட்சியகம் ஒன்று, இத்தீவில் எட்டு ஸ்லாத்துகளைப் பிடித்து பனாமாவின் போகாஸ் தெல் தோரோ விமான நிலையம் வரை கொண்டுவந்துவிட்டது. அரசு அனுமதி கையில் இருந்தது. ஆனால் செய்தியறிந்த உள்ளூர் மக்கள் திரண்டு வழிமறித்ததால் எட்டும் தீவுக்கே திரும்பின. காட்டில் அழிந்தாலும் காப்பகத்தில் மிஞ்சட்டும் என்ற வாதத்தை அடியோடு தள்ளிவிட முடியாதுதான். ஆனால் மூவிரல் ஸ்லாத்துகள் சிறைவாசத்தைத் தாங்குவது அரிது. தின்ற இலை செரிக்கவே பல நாட்கள் பிடிக்கும் வயிறு அது. குறிப்பிட்ட சில மரங்களின் இலைக்குப் பழகிய அந்த வயிற்றுக்கு வேறு தீனி எளிதில் ஒத்துவராது. 2012-ல் வெளிவந்த கணக்கெடுப்பில் கண்ணுக்குத் தென்பட்டவையே 79. அந்த எண்ணிக்கையை நம்பித்தான் பிடித்தார்கள் என்றால், தெரிந்தவற்றில் பத்தில் ஒன்றைத் தூக்கிச் செல்வதை எந்தக் கணக்கில் பாதுகாப்பு என்பது?

தீவின் உட்காட்டிலும் இவை வாழ்வது பின்னர் தெரியவந்து, மொத்தம் 500 முதல் 1500 வரை இருக்கலாமென ஓர் ஆய்வு மதிப்பிட்டது. எண்ணுவது கடினந்தான். மயிரில் பச்சைப்பாசி படர்ந்து, இலைக்கொத்தோடு இலைக்கொத்தாக அசையாமல் தொங்கும் உருவத்தை, நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலும் கண் தவறவிட்டுவிடும். கடலோரச் சதுப்பில் இருப்பவைதாம் சுலபமாகக் கண்ணில் படும். பிச்சாவரத்தில் நாம் பார்க்கும் சுரபுன்னைக்கு நெருங்கிய உறவான கண்டல் மரங்கள் அங்கே சுமார் 10 ஹெக்டேர் அளவுக்கே உள்ளன. ஒரு திட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக இந்த ஸ்லாத் நிதானமாக நீந்தியே போய்விடும், தரையில் உடலை இழுத்து நகர்வதைவிட நீரில் அதற்கு வேகம் கூடுதல்.

இந்தக் கண்டல்களைத்தான் விறகுக்காக வெட்டுகிறார்கள். வெட்டுபவர்கள் பெரும்பாலும் மீன்பிடிக்க வந்து தங்கும் ஙோபே பழங்குடியினர். தீவும் அவர்களுடைய தன்னாட்சிப் பகுதியைச் சேர்ந்ததே. அவர்களைக் குற்றவாளிகளாகக் காட்டுவது எளிது. கரையிலிருந்து இத்தனை தொலைவில் சமைக்க அவர்களுக்கு வேறு எரிபொருள் தருவதற்கும், காவலுக்கும் கணக்கெடுப்புக்கும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளையே சம்பளத்துக்கு அமர்த்துவதற்கும் ஆகும் செலவு, கடல் தாண்டி ஒரு காப்பகம் கட்டும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். தீவுக்குள் வரும் சுற்றுலாப் படகுகள் எத்தனை, எங்கே நிற்கலாம் என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும். படம் எடுப்பதற்காக ஸ்லாத்தைக் கிளையிலிருந்து பிரித்தெடுக்கும் பயணியை விரட்டும் உரிமையும் அவர்களிடமே இருக்கட்டும்.