எர்த்தைக் கழட்டச் சொல்லும் அண்ணாச்சிமார்களுக்கு

"அந்தச் சவத்த எர்த் பின்னைக் கழட்டிவிட்டுப் போடுங்க அண்ணாச்சி, ஹம் போயிரும்."

திருநெல்வேலி ஜங்ஷனில் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) விற்ற கடைக்காரர் இதைத்தான் சொல்கிறார். வீட்டுக்கு வந்த வயரிங்காரர் இதைத்தான் சொல்கிறார். ஆடியோ பைத்தியம் பிடித்த என் மச்சானும் இதையேதான் சொல்கிறான். தோசைக்குச் சட்னி வேண்டாம் என்று சொல்வது போல அவ்வளவு லேசாகச் சொல்கிறார்கள். கழட்டினால் ஹம், அதாவது ஸ்பீக்கரில் வருகிற உறுமல், போகும் என்பது உண்மை. எனக்கு ஆத்திரமே அதுதான். போகாமல் இருந்தால் எவன் கழட்டப் போகிறான்?

பெருமாள்புரத்தில் வீடு. ஒரு ஆம்ப், இரண்டு ஸ்பீக்கர், டிவி, செட்டாப் பாக்ஸ், அவ்வளவுதான் சொத்து. ராத்திரி ஊர் அடங்கிய பிறகு மெதுவாகப் பாட்டுக் கேட்கலாம் என்று உட்கார்ந்தால், பாட்டுக்கு முன்னால் 'ம்ம்ம்ம்' என்று ஓர் உறுமல். யாராவது தண்ணீர் மோட்டாரைப் போட்டால் அது இன்னும் ஏறும். ஆம்பில் கோளாறு என்றார் வயரிங்காரர். வீட்டு வயரிங்கில் கோளாறு என்றார் கடைக்காரர், கையோடு தங்க முலாம் பூசிய பின் வைத்த தடி வயர் ஒன்றையும் என் தலையில் கட்டப் பார்த்தார். "என் லைன்ல கரண்டே கிடையாதே சார்" என்றார் கேபிள்காரர்.

சரி, நாமே பார்ப்போம் என்று ஆம்பின் பின்னால் இருந்த வயர்களை எல்லாம் உருவினேன். உறுமல் நின்றது. அப்படியென்றால் ஆம்புக்குள் கோளாறு இல்லை. உள்ளே கரண்டைச் சீராக்குகிற ஃபில்டர் கெபாசிட்டர் போயிருந்தால் எல்லாவற்றையும் உருவிய பிறகும் 100 ஹெர்ட்ஸில் இரைந்துகொண்டே இருக்கும். அப்புறம் ஒவ்வொன்றாகச் சொருகினேன். செட்டாப் பாக்ஸின் வயரைச் சொருகியதும் வந்துவிட்டது. பாக்ஸிலிருந்து கேபிள் டிவி வயரைத் திருகிக் கழட்டினால், மாயம். திரும்ப மாட்டினால், 'ம்ம்ம்ம்'.

இதற்குக் கிரவுண்ட் லூப் என்று பெயர். கேபிள் வயரின் வெளி உறை தெருக்கோடியில் கேபிள்காரர் பெட்டியில் எங்கோ எர்த் ஆகியிருக்கிறது. ஆம்ப் என் வீட்டுச் சுவரில் எர்த் ஆகியிருக்கிறது. இரண்டு எர்த்தும் ஒரே வோல்ட்டேஜில் இருக்காது. அந்த வித்தியாசம் பாட்டு வருகிற வயரின் உறை வழியாக 50 ஹெர்ட்ஸில் ஓடி, பாட்டோடு கலந்து ஸ்பீக்கரில் வந்து விழுகிறது. ஆம்பின் எர்த் பின்னைக் கழட்டினால் வளையம் அறுந்துவிடும், உறுமலும் நிற்கும். அதே ஆம்பில் நாளைக்குக் கரண்ட் வருகிற ஃபேஸ் வயர் இரும்புப் பாடியைத் தொட்டால்? ஃபியூஸைப் போக்க வேண்டிய கரண்ட் அந்த மெல்லிய ஆடியோ வயரின் உறையைப் பொசுக்கிக்கொண்டு போகும். இல்லையென்றால் வால்யூம் குமிழில் கை வைத்தவர் வழியாகப் போகும். இதைச் சொன்னால், "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது அண்ணாச்சி."

ஆனால் மோட்டார் போட்டால் உறுமல் ஏன் ஏற வேண்டும்? அங்கேதான் எனக்குச் சந்தேகம். வயரிங்காரரைத் திரும்பவும் வரச் சொன்னேன். சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து எர்த் ஓட்டையில் விட்டார். எரியவில்லை. "பாத்தியளா, எர்த் சுத்தமா இருக்கு." எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நல்ல எர்த்திலும் டெஸ்டர் எரியாது, பின்னால் வயரே இல்லாத வெறும் ஓட்டையிலும் எரியாது, கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் வயரைக் கொண்டுபோய்ச் சொருகியிருந்தாலும் எரியாது. டெஸ்டரால் இந்த மூன்றையும் பிரித்துச் சொல்ல முடியுமா?

மல்ட்டிமீட்டரை வைத்தேன். மோட்டார் மாதிரி லோடு ஓடும்போது நியூட்ரலுக்கும் நிஜ எர்த்துக்கும் நடுவில் பொதுவாக ஒன்றிரண்டு வோல்ட்டாவது காட்டும். இங்கே சுத்தமாகப் பூஜ்யம். மெயினை இறக்கிவிட்டு போர்டைத் திறந்தால், எர்த் முனையிலிருந்து நியூட்ரல் முனைக்கு ஒரு சின்ன வயர்த் துண்டு! வீட்டு லோடு முழுவதையும் சுமக்கிற நியூட்ரல்தான் இத்தனை நாளும் என் ஆம்புக்கு எர்த். உறுமாமல் என்ன செய்யும்? வெளியே எங்காவது அந்த நியூட்ரல் கழன்றால், ஓடிக்கொண்டிருக்கிற ஃபேன், ஃபிரிட்ஜ் வழியாக 230 வோல்ட்டும் ஆம்பின் இரும்புப் பாடிக்கு வந்துவிடும். வயரிங்காரரைக் கேட்டால், "எர்த் குழி வரைக்கும் வயர் இழுக்கணும்னா சுவத்த உடைக்கணும்லா" என்கிறார். கரண்ட் கசிந்தால் தானே விழுந்து லைனை அறுக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று இருந்ததே, அது எங்கே? "அது சும்மா சும்மா விழுந்துச்சு அண்ணாச்சி, கழட்டிட்டேன்." விழாதா பின்னே? விழுவதற்குத்தானே அதை வைப்பது!

எர்த் குழியும் லட்சணம்தான். குழாய் இறக்கி, உப்பும் கரியும் போட்டு, சித்திரை வெயிலில் தண்ணீர் ஊற்றுவதற்கு வாய் விட வேண்டிய குழியின் மேல் சிமெண்ட் பூசி, அதன் மேல் கார் நிற்கிறது.

கோவில் கொடைக்கு வருகிற மைக் செட்காரரைப் பாருங்கள். ஜெனரேட்டர் பக்கத்தில் இரும்பு ராடு அடித்து, ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் ஸ்விட்சையே தொடுவார். வில்லுப்பாட்டு மேடையிலிருந்து அத்தனை நீளத்துக்கு மைக் வயர் இழுத்தும் உறுமல் வராது. அது பேலன்ஸ்டு வயர். உள்ளே ஓடும் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி ஏறுகிற இரைச்சலை ஆம்ப் கழித்துவிடும். சுடலைமாடனுக்குக் கிடைக்கிற எர்த் எனக்குக் கிடைக்கவில்லை.

கேபிள் வயரில் இப்போதைக்கு அந்த வளையத்தை அறுக்கிற ஐசோலேட்டர் ஒன்று மாட்டியிருக்கிறேன், உறுமல் நின்றுவிட்டது. ஆப்டிகல் இன்புட் உள்ள ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு அதுகூட வேண்டாம், டிவியிலிருந்து சத்தம் வெளிச்சமாகவே வந்துவிடும், செம்புக் கம்பிக்கே வேலை இல்லை. நியூட்ரல் துண்டையும் பிடுங்கிவிட்டேன். நிஜ எர்த் வருகிற வரைக்கும் அந்தப் போர்டில் எதையும் சொருகுவதில்லை, ஆம்ப் சும்மாதான் கிடக்கிறது. பாளை, வண்ணார்பேட்டைப் பக்கம் எர்த் குழி முறையாகப் போட்டு, அளந்தும் காட்டுகிற ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். டெஸ்டரை மட்டும் பையில் குத்திக்கொண்டு வருகிறவர் தயவுசெய்து வேண்டாம்.