டோனி மாரிசன் எப்போது எழுதினார்?

எழுத்தாளர்களின் தினசரி அட்டவணை என்று ஒரு படம் அவ்வப்போது இணையத்தில் சுற்றி வரும். யார் எத்தனை மணிக்கு எழுந்தார், எவ்வளவு நேரம் எழுதினார், எப்போது நடக்கப் போனார் என்றெல்லாம் அதில் இருக்கும். அமெரிக்கக் கறுப்பின நாவலாசிரியர் டோனி மாரிசனின் பெயரும் அதில் வருவதுண்டு. விடியும் முன்பே எழுந்து, காப்பி போட்டுக் குடித்துவிட்டு எழுத உட்காருவார் என்று. அதன் கீழே ஒழுக்கம், விடாமுயற்சி என்று பாராட்டுகள். வேலைக்கும் போய் வீட்டையும் பார்த்துக்கொண்டு எழுத ஆசைப்படும் பெண்கள் அதைப் படித்துவிட்டு, "இதெல்லாம் என்னால் முடியாது" என்று ஒதுங்கிக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. ஏனென்றால் மாரிசனின் வாழ்க்கை சொல்லும் சேதியே வேறு.

1993-ல் பாரிஸ் ரிவ்யூ இதழில் வந்த நீண்ட நேர்காணலில் அவரே இதைப் பேசியிருக்கிறார். தினமும் குறித்த நேரத்தில் எழுதுவது தன்னால் முடிந்ததே இல்லை என்கிறார். காரணம், காலையில் போய் மாலையில் திரும்பும் அலுவலக வேலை. அந்த நேரம் போக, கிடைத்த இடைவெளியில் அவசர அவசரமாக எழுத வேண்டும். இல்லையென்றால் வார விடுமுறையும் விடியற்காலையும்தான். விடியற்காலை அவராக விரும்பித் தேர்ந்தெடுத்த நேரமும் இல்லை. 1964-ல் மணமுறிவு. இரண்டு பையன்களைத் தனியாக வளர்த்தார். அவர்கள் எழுந்து அம்மா என்று கூப்பிடுவதற்கு முன்னால் இருந்த நேரம்தான் அவருக்குச் சொந்தமான நேரம். பல வருஷம் கழித்து, அந்த வேலையெல்லாம் விட்ட பிறகுதான், காலையில்தான் தன் மனசு தெளிவாக இருக்கிறது, பொழுது சாய்ந்த பிறகு ஒன்றும் ஓடுவதில்லை என்று கண்டுகொண்டார். கட்டாயத்தில் வந்த பழக்கம் பிறகு பிடித்த பழக்கமாகிவிட்டது. அட்டவணைப் படத்தில் அந்தக் கடைசிப் பகுதி மட்டும்தான் இருக்கிறது.

அந்தக் காப்பி பற்றியும் சொல்ல வேண்டும். இருட்டு விலகுவதற்குள் காப்பி போட வேண்டும், அது அவருக்கு முக்கியம். குடித்துக்கொண்டே வெளிச்சம் வருவதைப் பார்ப்பார். வெளிச்சம் வந்த பிறகு அங்கே போய் நிற்பதில் பயன் இல்லை, அது வருவதற்கு முன்பே தான் அங்கே இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. எழுத்துக்குள் நுழைய அதுதான் அவருடைய வழி. அப்புறம் மஞ்சள் தாளும் பென்சிலும். இதை யாரும் நகல் எடுக்க வேண்டியதில்லை. மாணவர்களிடம் அவர் சொன்னதும் அதுதான்: எந்த நேரத்தில், எந்தச் சூழலில் உங்கள் மனசு திறக்கிறது என்று நீங்களே கண்டுபிடியுங்கள். சத்தம் வேண்டுமா, அமைதி வேண்டுமா, ஒழுங்கு வேண்டுமா, கலைந்து கிடக்க வேண்டுமா என்று.

அவருடைய வேலை என்ன என்பதை அந்தப் படங்கள் சொல்வதே இல்லை. 1965-ல் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் பாடப்புத்தகப் பதிப்பாசிரியராகச் சேர்ந்தார். பிறகு நியூயார்க் நகரில் ரேண்டம் ஹவுஸ் பதிப்பகம். கறுப்பின உரிமைப் போராளி ஏஞ்சலா டேவிஸின் சுயசரிதை, குத்துச்சண்டை வீரர் முகமது அலியின் சுயசரிதை, கெய்ல் ஜோன்ஸ், டோனி கேட் பம்பாரா போன்றோரின் புனைகதைகள் எல்லாம் அவர் மேஜை வழியாக வெளிவந்தவை. கறுப்பின எழுத்துக்கு அமெரிக்கப் பதிப்புலகில் ஒரு வாசலைத் திறந்துவிட்டவர் அவர். முதல் நாவல் 'தி புளூயஸ்ட் ஐ' 1970-ல் வந்தபோது அவருக்கு வயது 39. 'சூலா' 1973, 'சாங் ஆஃப் சாலமன்' 1977, 'டார் பேபி' 1981. நான்கும் வேலையில் இருந்துகொண்டே எழுதியவை.

எப்படி முடிந்தது? மேஜையில் உட்கார்ந்த பிறகு யோசிக்கத் தொடங்குகிறவர் இல்லை அவர். புல் வெட்டும்போதும் வண்டி ஓட்டும்போதும் கதை உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். பேப்பரைத் தொடும்போது பாதி வேலை முடிந்திருக்கும். ஒரு கேள்வியை வருஷக்கணக்கில் சுமந்து திரிவதுதான் அவருடைய உண்மையான பழக்கம் என்று நான் நினைக்கிறேன். 'தி புளூயஸ்ட் ஐ'யின் விதையே அப்படி வந்ததுதான். சின்ன வயதில் கூடப் படித்த ஒரு கறுப்பினச் சிறுமி, நீலக் கண் வேண்டும் என்று கடவுளிடம் வேண்டிக்கொண்டதாகச் சொல்கிறாள். அந்தக் குழந்தைக்கு அப்படி ஒரு ஆசையை ஊட்டியது யார்? ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்த காலத்தில், ஒரு சிறு எழுத்தாளர் குழுவில் வாசிக்க அதை ஒரு சிறுகதையாக எழுதினார். நாவலாக வளர்ந்தது சிரக்யூஸில், குழந்தைகள் தூங்கும் நேரத்தில்.

அவருடைய 'பிலவ்ட்' நாவல் பிறந்த கதை இன்னும் நீளமானது. 1974-ல் ரேண்டம் ஹவுஸ் 'தி பிளாக் புக்' என்று ஒரு தொகுப்பு வெளியிட்டது. பழைய பத்திரிகைத் துணுக்குகள், புகைப்படங்கள், அடிமை ஏல விளம்பரங்கள், கறுப்பினத்தவர் வாங்கிய காப்புரிமைகள் என்று முந்நூறு வருஷ வாழ்க்கையை அள்ளிப் போட்ட புத்தகம். பதிப்பகத்தில் அதற்குப் பொறுப்பு மாரிசன். அதற்காகச் சேர்த்தவற்றில் 1856-ல் வந்த ஒரு செய்தியும் இருந்தது. மார்கரெட் கார்னர் என்ற அடிமைப் பெண் கென்டக்கியிலிருந்து உறைந்து கிடந்த ஒஹையோ நதியைக் குடும்பத்தோடு கடந்து சின்சினாட்டிக்குத் தப்பி வருகிறார். பிடிக்க ஆள் வந்துவிட்டது. பிள்ளைகள் மறுபடி அடிமைகளாகக் கூடாது என்று இரண்டு வயது மகளைக் கொன்றுவிடுகிறார். சிறையில் போய்ப் பார்த்த ஒரு பாதிரியார், பைத்தியம் பிடித்த நிலையில் செய்தாயா என்று கேட்கிறார். இல்லை, இப்போது இருப்பது போல நிதானமாகத்தான் இருந்தேன் என்கிறார் அந்தத் தாய்.

செய்தி கையில் கிடைத்தும் மாரிசன் உடனே நாவல் எழுதவில்லை. 1983-ல் வேலையை விட்டார். சில நாள் கழித்து, ஹட்சன் நதிக்கரையில் இருந்த தன் வீட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். நெஞ்சு படபடக்கிறது. கவலைப்பட ஒன்றும் இல்லை, உடம்புக்கும் ஒன்றும் இல்லை. அப்புறம்தான் புரிகிறது, அது சந்தோஷம். விடுதலை கிடைத்த உணர்ச்சி. உடனே அடுத்த கேள்வி வருகிறது: ஒரு பெண்ணுக்கு விடுதலை என்றால் என்ன? சமச் சம்பளம், குழந்தை பெறுவதா வேண்டாமா என்று அமெரிக்கப் பெண்கள் விவாதித்துக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் அடிமைப் பெண் பிள்ளை பெற்றே தீர வேண்டும், அந்தப் பிள்ளைக்குத் தாயாக இருக்க மட்டும் உரிமை கிடையாது. அந்த இடத்தில்தான் மார்கரெட் கார்னர் திரும்பி வந்தார். வேலை செய்தியைக் கொடுத்தது. வேலையை விட்டது கேள்வியைக் கொடுத்தது. ஆகவே சம்பள வேலை எழுத்துக்கு நல்லது என்று நான் வாதாட வரவில்லை. நேரம் கிடைத்தது அவருக்குப் பெரிய விஷயம்தான். ஆனால் அந்த நேரம் வந்தபோது அவர் வெறுங்கையோடு இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்குப் பிறகு வருகிறது. கார்னரைப் பற்றி மேலும் தேடுவதை மாரிசன் வேண்டுமென்றே தவிர்த்தார். காலத்தைப் பற்றி, அடிமை முறையைப் பற்றி ஏராளமாகப் படித்தார். ஆனால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை முழுவதும் தெரிந்துவிட்டால் நாவலின் நாயகி செதெவுக்கு மூச்சுவிட இடம் இருக்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இன்னொன்று. அடிமைகளின் வாயில் மாட்டும் இரும்புக் கடிவாளம் ஒன்று உண்டு. வேலை செய்யலாம், ஆனால் பேச முடியாது. அது எப்படி இருக்கும் என்று அவர் நிறையத் தேடினார். கடைசியில், அதன் வடிவத்தை விவரிக்கவே கூடாது என்று முடிவெடுத்தார். விவரித்தால் வாசகருக்கு அது அருங்காட்சியகப் பொருளாகிவிடும். அதை மாட்டிக்கொண்டவனின் அவமானம்தான் வாசகருக்குப் போய்ச் சேர வேண்டும். அதனால்தான் நாவலில் பால் டி என்ற முன்னாள் அடிமை தன் வாயில் இருந்த இரும்பைவிட, அப்போது தன்னைப் பார்த்துக்கொண்டு சுதந்திரமாக உலாவிய சேவலைப் பற்றிப் பேசுகிறான். தேடிச் சேர்த்த தகவலை எல்லாம் பக்கத்தில் கொட்டிவிடும் வரலாற்று நாவல்களை நாம் நிறையப் படிக்கிறோம். எதைச் சொல்லாமல் விடுவது என்று முடிவெடுப்பதும் எழுத்து உழைப்பில் சேர்ந்ததுதான். சொல்லப்போனால் கடினமான பகுதி அதுவே.

திருத்துவது பற்றியும் அவருக்குத் தெளிவான கருத்து இருந்தது. ஒரு பத்தியை ஆறு தடவையோ, ஏழு தடவையோ, தேவைப்பட்டால் அதற்கு மேலும் திருத்துவார். ஆனால் திருத்துவது வேறு, போட்டு உழற்றிக்கொண்டே இருப்பது வேறு. எழுதியது நிற்கவில்லை என்றால் அதைத் தூக்கிப் போட வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரம் சொல் என்று எண்ணிக்கை வைத்துக்கொள்ளச் சொல்லும் பயிற்சி வகுப்புகளில் இதைச் சொல்லித் தருகிறார்களா என்று தெரியவில்லை. தூக்கிப் போட்ட ஆயிரம் சொல்லை அந்தக் கணக்கில் எப்படிக் காட்டுவது?

'ஜாஸ்' நாவலும் அப்படி வருஷக்கணக்கில் சுமந்த ஒரு கேள்வியிலிருந்து வந்ததுதான். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிப் புகைப்படக்காரர் ஜேம்ஸ் வான் டெர் ஸீ எடுத்த இறந்தவர்களின் படங்கள் 1978-ல் புத்தகமாக வந்தன. முன்னுரை எழுதியவர் மாரிசன். அதில் ஒரு இளம்பெண்ணின் படம். விருந்து ஒன்றில் காதலன் அவளைச் சுட்டுவிடுகிறான். யார் சுட்டது என்று கேட்டவர்களிடம், நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லி அவனைத் தப்பவிட்டு இறந்துபோகிறாள். நாவல் வந்தது 1992-ல். நடுவில் இருந்த 14 வருஷத்தில் அவர் இரண்டு நாவல்களை வெளியிட்டார், வேலையை விட்டார், பிரின்ஸ்டனில் பேராசிரியராகச் சேர்ந்தார். அந்தப் பெண் ஏன் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை என்ற கேள்வி கூடவே வந்துகொண்டிருந்தது. இதை எந்த அட்டவணையில் எந்த மணிக்கு எழுதுவார்கள்?