அது தோற்றவர்களின் பாட்டு

இங்கிலாந்து உதைபந்தாட்ட அணி எந்தப் பெரிய போட்டிக்குப் போனாலும் எங்கள் வட்ஸ்அப் குழுவில் அதே பகிடி தொடங்கிவிடும். யாராவது 'உதைபந்தாட்டம் வீட்டுக்கு வருகிறது' என்று பாடும் அவர்களின் 'த்ரீ லயன்ஸ்' பாட்டைப் போடுவார்கள். "விளையாட முதலே கப் வீட்டுக்கு வருதாம், இவங்களுக்கு எவ்வளவு கொழுப்பு" என்று இன்னொருவர் எழுதுவார். இவ்வளவு நாளும் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டேன். ஆனால் அந்தப் பாட்டு வந்த 1996 கோடையில் நான் லண்டனில், வெம்பிளி மைதானத்துக்குக் கிட்டக் குடியிருந்தேன். எனக்குப் பதினைந்து வயது. அது கொழுப்பில் பாடிய பாட்டு இல்லை.

முதல் சில நொடிகளை மட்டும் கேட்டுப் பாருங்கள். 'இவர்கள் தேறமாட்டார்கள்' என்று சலித்துக்கொள்ளும் ரீவி விமர்சகர்களின் குரல்களோடுதான் அது தொடங்குகிறது. 1966இல் உலகக் கிண்ணம் வென்ற பிறகு வேறு பெரிய கிண்ணம் ஒன்றும் இல்லாத முப்பது வருட ஏமாற்றத்தைத்தான் பாடுகிறார்கள். வீட்டுக்கு வருகிறது என்றது கிண்ணத்தை அல்ல, விளையாட்டை. அதன் விதிகளை முதலில் எழுதிய நாட்டுக்கு ஐரோப்பியக் கிண்ணப் போட்டி வந்திருந்தது, அவ்வளவுதான். அந்த அணி 1994 உலகக் கிண்ணத்துக்குத் தகுதிகூடப் பெறவில்லை. அதற்கு ஐந்து வருடம் முன்புதான் ஹில்ஸ்பரோ மைதானத்து நெரிசல். மட்ச் பார்க்கப் போன 97 பேரின் உயிரை எடுத்த நெரிசல் அது. அந்தத் துயரத்துக்குப் பிறகு வந்த அறிக்கையால்தான் பெரிய மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வந்தது. மெல்ல மெல்ல டிக்கெட் விலையும் ஏறியது.

பாட்டுலகத்திலும் எனக்குத் தோல்விதான். தொண்ணூறுகளின் நடுவில் பள்ளிக்கூடத்தில் நீ ப்ளர் இசைக்குழுவா ஒயாசிஸ் இசைக்குழுவா என்று கேட்பார்கள், பதில் சொல்லியே ஆகவேண்டும். 1995 ஓகஸ்டில் இரண்டு குழுவும் ஒரே வாரத்தில் பாட்டு வெளியிட்டபோது ப்ளர் 2,74,000 பிரதி, ஒயாசிஸ் 2,16,000. ஞாயிறு பின்னேரம் றேடியோ வன்னில் முடிவு சொன்னார்கள். நான் ஒயாசிஸ் பக்கம். அறிவிப்பாளர் பேசத் தொடங்கியதும் நிறுத்தி, பாட்டு வந்ததும் அமத்தி, இரண்டு பாட்டையும் பதிவு செய்தேன். வெற்றுக் கசெற் வாங்கக் காசில்லை. சித்தப்பா யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த நாதஸ்வரக் கசெற்றின் மேல்விளிம்பில் உடைந்திருந்த இரண்டு சின்னச் சதுரங்களையும் செலோரேப்பால் மூடிவிட்டு, அதன் மேலேயே பதிந்தேன். இரவு முழுக்கப் பெற்றோல் ஷெட்டில் நின்றுவிட்டு வந்து, விடியப்புறம் அவர் கேட்கிற கசெற். அவர் என்னை ஏசவில்லை. மற்றப் பக்கத்தை மட்டும் கேட்டுக்கொண்டு இருந்தார். இன்றைக்கும் அந்த இரண்டு பாட்டில் எது எங்கே ஒலித்தாலும் எனக்கு அந்தக் கசெற்தான் ஞாபகம் வரும்.

ஒயாசிஸ் சகோதரர்கள் மன்செஸ்டர் சிட்டி ரசிகர்கள். 1996 ஏப்ரல் 27, 28இல் சிட்டியின் மெயின் ரோட் மைதானத்திலேயே கச்சேரி வைத்தார்கள். சரியாக ஒரு வாரம் கழித்து, அதே புல்லில், சிட்டி லிவர்பூலுடன் 2-2 என்று சமன் செய்து கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. சமன் போதும் என்று நினைத்துக் கடைசி நிமிடங்களில் பந்தை மூலைக்குக் கொண்டுபோய் நேரத்தைக் கடத்தினார்கள். நாட்டின் மிகப் பெரிய இசைக்குழு நேசித்த அணி அது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு அந்தக் காலத்துப் பாட்டுகளைக் கேட்டால் வேறு மாதிரிக் கேட்கும்.

வெம்பிளிக்கு வருகிறேன். எங்கள் வீட்டிலிருந்து அப்போது மைதானத்தின் இரட்டைக் கோபுரங்கள் தெரிந்தன. ஆனால் மட்ச் நாட்களில் பெரிய தெருப் பக்கம் போகக்கூடாது என்பது சித்தப்பாவின் கட்டளை. கொடி போர்த்திக்கொண்டு கூட்டமாக வருகிறவர்களைக் கண்டால் எங்கள் ஆட்கள் ஒதுங்கிப் போன காலம் அது. அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. தொண்ணூறுகள் பொற்காலம் என்று எழுதுகிறவர்கள் இதை விட்டுவிட்டு எழுதக்கூடாது. சித்தி யன்னல் சீலையை இழுத்து மூடிவிடுவார். நான் ரீவிக்கு முன்னால்.

ஸ்கொட்லாந்து மட்ச். டேவிட் சீமன் பெனால்டியைத் தடுத்தார். அடுத்த நிமிடமே காஸ்கோயின் இடது காலால் பந்தை ஸ்கொட்லாந்து வீரர் ஹென்ட்ரியின் தலைக்கு மேலால் தூக்கிவிட்டு, அது நிலத்தில் விழ முதல் வலது காலால் அடித்தார். ரீவியில் கோல் விழுந்து நாலைந்து செக்கன் கழித்துத்தான் மைதானத்து இரைச்சல் எங்கள் குசினி யன்னலால் வந்து சேரும். சத்தம் அவ்வளவு தூரம் நடந்து வரவேண்டுமே. அந்தச் செக்கன்களுக்காகவே நான் காத்திருப்பேன். (2021 ஐரோப்பியக் கிண்ண இறுதிப் போட்டியில் லூக் ஷோ இரண்டாவது நிமிடம் கோல் அடித்தபோது யன்னலால் இரைச்சல் முதலில் வந்துவிட்டது. மகனின் போனில் பந்து இன்னும் அந்தப் பக்கமே போகவில்லை. எனக்கு அது பெரிய இழப்பாகத்தான் படுகிறது.)

ஜூன் 26, ஜேர்மனியுடன் அரையிறுதி. மூன்றாவது நிமிடம் இங்கிலாந்தின் ஷியரர் கோல் அடித்தார். பிறகு குன்ட்ஸ் சமன் செய்தார். மேலதிக நேரத்தில் காஸ்கோயின் காலை நீட்டினார், பந்து ஒரு விரல் இடைவெளியில் தப்பிப் போனது. பெனால்டியில் ஐந்துக்கு ஐந்து. ஆறாவதாக வந்த சவுத்கேட் அடித்ததைக் கோப்கே தடுத்தார். மொல்லர் அடித்தது உள்ளே போனது. நான் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். நாலு செக்கன், ஐந்து செக்கன், ஒன்றும் வரவில்லை.

அதற்கு முதல் வருடம், யாழ்ப்பாணத்தில் போரால் நடந்த வலிகாமத்து இடப்பெயர்வில் அம்மம்மா வீட்டை விட்டுப் போய், எங்கே இருக்கிறார் என்று கடிதம் வராமல் எங்கள் வீடே ஒடுங்கிப் போயிருந்தது. இரண்டு இழப்பும் ஒன்றல்ல, எனக்குத் தெரியும். ஆனால் அந்த இரவு தெருவில் வந்த சத்தம் எங்கள் வீட்டுக்கு விளங்கியது. ஆயிரக்கணக்கான பேர் ஸ்ரேசன் பக்கமாக நடந்துகொண்டே அதே பாட்டை மெதுவாகப் பாடினார்கள். எங்கள் மதிலில் ஒரு பெரிய ஆள், முகத்தில் பூசிய சிவப்புச் சிலுவை கரைந்து வடிய, குந்தியிருந்து அழுதார். சித்தி சீலையை விலக்கிப் பார்த்தார்.

"தம்பி, அந்தப் பிள்ளைக்கு ஒரு தேத்தண்ணி கொண்டுபோய்க் குடு."

பயந்து பயந்துதான் கொண்டுபோனேன். இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். கோப்பையைத் திருப்பித் தரும்போது முதுகில் தட்டி ஏதோ சொன்னார், தொண்டை அடைத்திருந்ததால் எனக்கு விளங்கவில்லை. பிறகு எழும்பி, கூட்டத்தோடு சேர்ந்து பாடிக்கொண்டே போனார்.