தடைக்குத் தடை

பிளாஸ்டிக் பைக்குத் தடை, சரி. உள்ளூரில் யாரும் அந்தத் தடையைப் போடக்கூடாது என்று மேலே ஒரு சட்டம் இருந்தால்? அமெரிக்காவில் அரிசோனா, மிச்சிகன், புளோரிடா, டெக்சாஸ் என்று பல மாநிலங்களில் இதுதான் நிலைமை.

டெக்சாஸ் கதை எனக்கு எரிச்சலூட்டுவது. மெக்சிகோ எல்லையில் உள்ள லரெடோ நகரம், மழைநீர் வடிகாலை அடைக்கிறது என்று கேரி பேக்கைத் தடை செய்தது. வணிகர் சங்கம் வழக்குப் போட்டது. 2018 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 1993-ல் வந்த திடக்கழிவுச் சட்டப் பிரிவு ஒன்று குறுக்கே நிற்கிறதாம். 2013 முதல் தடையை நடத்திவந்த டெக்சாஸ் தலைநகர் ஆஸ்டினும் அத்தோடு கைவிட்டது.

இதைப் பசுமைக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கவும் முடியாது. பருத்திக் காட்டில் பறந்து விழும் பை பஞ்சோடு கலந்தால் விலை போகாது. பையைத் தின்கிற மாடு சாகிறது. பஞ்சிலிருந்து விதையைப் பிரிக்கும் ஜின்னிங் ஆலைக்காரர்களே லரெடோ பக்கம் நின்றார்கள். தீர்ப்போடு உடன்பட்ட நீதிபதி ஈவா குஸ்மேன்கூட, சட்டமன்றம் ஏதாவது செய்ய வேண்டும் என்று தனியாக எழுதினார். சட்டமன்றம் அசையவில்லை. தானும் செய்யாது, செய்கிறவனையும் விடாது.

அரிசோனாவில் இன்னும் மோசம். பிஸ்பி என்று சின்ன ஊர், பழைய தாமிரச் சுரங்க ஊர். பைத் தடையை எடுக்காவிட்டால் மாநில வருவாயில் உன் பங்கு கிடைக்காது என்று 2017-ல் மாநில அரசு மிரட்டியதும் பணிந்துவிட்டது. வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசு எங்கள் விஷயத்தில் தலையிடக்கூடாது என்று முழங்குகிற அதே அரசியல்வாதிகள்தான் இப்படி ஊராட்சியின் கழுத்தைப் பிடிக்கிறார்கள்.

ஊருக்கு ஒரு விதி இருந்தால் பல கிளைகள் வைத்திருக்கும் கடைக்காரருக்குச் சிரமம், ஒத்துக்கொள்கிறேன். தடைகள் எல்லாம் உருப்படியாக நடந்ததாகவும் சொல்லமாட்டேன். கலிபோர்னியாவில் மெல்லிய பையை நிறுத்தி, தடித்த பையைக் காசுக்கு விற்க விட்டார்கள்; அதுவும் குப்பைக்குத்தான் போனது. 2024-ல் அந்த ஓட்டையை அடைக்கச் சட்டம் போட்டார்கள். இப்படிச் செய்து பார்த்துத் திருத்திக்கொள்ளும் உரிமை ஊருக்கும் வேண்டாமா? அடைத்த வடிகாலைத் தூர்வாரும் செலவு நகராட்சியின் தலையில்தானே விழுகிறது? அந்தச் செலவை மாநிலம் ஏற்கட்டும், பிறகு தடுக்கட்டும்.

கொலராடோவிலும் இதே முட்டுக்கட்டை இருந்தது. 2021-ல் அவர்களே சட்டம் இயற்றி அதை நீக்கினார்கள். 2024 ஜூலையிலிருந்து நகரங்கள் தங்கள் விருப்பப்படி கடுமையான விதிகளை வைத்துக்கொள்ளலாம். டெக்சாஸ் எடுக்க வேண்டியதும் ஒரே ஒரு பிரிவைத்தான்.