கொக்கி மட்டும் போதாது, கயிறும் வேண்டும்

"நங்கூரச் சங்கிலியில் கொக்கியை மாட்டி, அதை ஒரு குட்டைச் சங்கிலியால் படகின் முன்பக்கமான அணியத்தில் கட்டிவிட்டால் போதும், நைலான் கயிறு வீண் செலவு" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. வின்ச்சின் மேல் இருக்கும் பாரம் இறங்கிவிடும், உண்மை. நங்கூரத்தை ஏற்றி இறக்கத்தான் வின்ச்; ராத்திரி முழுக்கப் படகைப் பிடித்து வைக்க அல்ல. ஆனால் உலுக்கல் எங்கே போகும்?

புதுச்சேரிக்கு எதிரே திறந்த கடல். வாடைக்காற்று பலமாக அடித்தால், தொய்ந்து கிடந்த சங்கிலி கம்பி மாதிரி நிமிர்ந்துவிடும். இரும்பு நீளாது. அலைக்கு அணியம் எழும்பும் ஒவ்வொரு முறையும் 'டங்' என்று ஒரு வெட்டு. அது கொக்கி, படகில் கயிறு கட்டும் கட்டை, நங்கூரம் மூன்றையும் பதம் பார்க்கும். கொக்கிக்கும் கட்டைக்கும் நடுவே நைலான் கயிறு இருந்தால், இழுத்தால் நீளும், அந்த வெட்டை வாங்கிக்கொள்ளும். அதனால்தான் நைலான், பாலியஸ்டர் அவ்வளவு நீளாது. கயிறு ஏழெட்டு மீட்டராவது இருக்கட்டும். ஒரு மீட்டர் கயிற்றில் நீள என்ன இருக்கிறது?

கொக்கியை மாட்டி, கயிற்றைக் கட்டையில் கட்டிய அப்புறம் இன்னும் கொஞ்சம் சங்கிலி விடுங்கள். கயிறு விறைப்பாக நிற்க, அதன் பின்னால் சங்கிலி தொட்டில் மாதிரி தொங்க வேண்டும். கயிறு அறுந்தாலும் படகு சங்கிலியில் நிற்கும். ஆனால் அந்தச் சங்கிலியைத் தனியாக ஒரு கட்டையில் கட்டி வையுங்கள், வின்ச்சை நம்ப வேண்டாம்.

அணியத்தில் கயிறு உரசும் இடத்தில் ஒரு முழம் தண்ணீர்க் குழாயைக் கீறி மாட்டுங்கள். காற்று விழுந்து சங்கிலி தளர்ந்தால் சாதாரணக் கொக்கி தானே கழன்று விழும். தாழ்ப்பாள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், அண்ணா.